பூ விழுந்த கண்ணும் சாதி பார்க்கும் கண்ணும்

கண்புரை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தாத்தா பாட்டிதான். இலவசக் கண் சிகிச்சை முகாம், ஊருக்கு வந்து ஏற்றிப்போகும் வேன், அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வீடு திரும்பும் கிழவிகள். வயதானால் வரும், ஆபரேஷன் செய்தால் போகும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் புரையோடு பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். பிறந்த பின், தவழும் வயதிலோ பள்ளி போகும் வயதிலோ புரை வரும் குழந்தைகளும் இருக்கிறார்கள். கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்று நம் தெருக்களில் சொல்வார்கள். சொல்லிவிட்டு, அது அந்தப் பிள்ளையின் விதி என்று கடந்துபோவார்கள்.

சாதி ஒழிப்பைப் பேசும் நாம் கண் நோயைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று தம்பி தங்கைகள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. குழந்தையின் கண்புரையில் நிரந்தரமாகப் பார்வையைப் பறிப்பது பெரும்பாலும் தாமதம். அந்தத் தாமதம் எல்லார் வீட்டுக்கும் ஒரே அளவில் வருவதில்லை. யாருடைய குழந்தையை, யார், எந்த வாரத்தில், எவ்வளவு நெருங்கி வந்து பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது வருகிறது. இந்த நாட்டில் ஒருவர் இன்னொருவரை நெருங்கி வருவதும் விலகி நிற்பதும் எதை வைத்து நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முற்றட்டும் என்று காத்திருக்க முடியாது

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். கண்மணிக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு லென்ஸ் இருக்கிறது. அது தெளிவாக இருந்தால்தான் வெளிச்சம் உள்ளே போய் விழித்திரையில் உருவம் விழும். அந்த லென்ஸ் மங்கி வெளுத்துப்போவதுதான் புரை. பெரியவர்களுக்கு வரும்போது, அவர்கள் ஏற்கெனவே அறுபது வருடம் உலகத்தைப் பார்த்தவர்கள். பார்க்கத் தெரிந்த மூளை அவர்களுடையது. புரையை எடுத்துப் புது லென்ஸ் வைத்தால் பழைய பார்வை திரும்பிவிடும். ஒரு வருடம் தள்ளிப்போட்டாலும் பெரும்பாலும் நஷ்டமில்லை. அதனால்தான் "முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்ற பேச்சு ஊரில் நிலைத்துவிட்டது.

பச்சைக் குழந்தையின் கதை வேறு. பார்ப்பது என்பது பிறவியிலேயே முழுதாக வந்துவிடும் திறன் அல்ல. கண்ணிலிருந்து தெளிவான உருவங்கள் வந்துகொண்டே இருந்தால்தான் மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளும். டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு அறிவியலாளர்கள் 1960-களில் பூனைக்குட்டிகளை வைத்து இதைக் காட்டினார்கள். பிறந்த புதிதில் ஒரு கண்ணை மூடி வைத்துவிட்டுச் சில வாரங்கள் கழித்துத் திறந்தால், கண்ணில் குறை எதுவும் இல்லாமலே அந்தக் கண் பார்வை இழந்திருந்தது. மூளையில் அதற்குரிய இடத்தை மற்றக் கண் எடுத்துக்கொண்டுவிட்டது. இந்த ஆராய்ச்சிகளுக்காக 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதிலிருந்து வரும் கணக்குதான் முக்கியம். பிறவியிலேயே ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த புரை இருந்தால், ஏறக்குறைய 6 வாரத்துக்குள் அறுவை நடந்தால் நல்ல பலன் கிடைக்கும். இரண்டு கண்ணிலும் இருந்தால் 8 முதல் 10 வாரம். பிறந்து இரண்டு, இரண்டரை மாதம். அதற்குள் யாராவது பார்த்து, கண்டுபிடித்து, குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்க வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

இப்படித் தவறிப்போன கண்ணுக்கு ஊர் வழக்கில் ஒரு பெயர் உண்டு. சோம்பேறிக் கண். அந்தப் பெயரைக் கவனியுங்கள். கண் சோம்பேறியாக இல்லை. வெளிச்சம் போக வேண்டிய காலத்தில் அதற்கு வெளிச்சம் போகவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டுவிட்டுப் பெற வேண்டியவன் மேல் பழி போடுவது நமக்குப் பழக்கமான வேலை. "இவனுங்களுக்குப் படிப்பு ஏறாது" என்று வகுப்பறையில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

தொடாமல் கண்ணைப் பார்க்க முடியாது

இரண்டு மாதக் குழந்தை எனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லாது. பிறந்ததிலிருந்து அப்படியே இருப்பதால், தெரியவில்லை என்பதே அதற்குத் தெரியாது. ஆகவே யாராவது ஒருவர் அந்தக் குழந்தையைக் கையில் வாங்கி, இமையைப் பிரித்து, கண்மணிக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். நல்ல கண்ணில் உள்ளேயிருந்து சிவந்த ஒளி திரும்பி வரும். புரை இருந்தால் கறுப்பாகவோ வெளுப்பாகவோ தெரியும். டாக்டர்கள் இதை ரெட் ரிஃப்ளெக்ஸ் சோதனை என்பார்கள். கையடக்கமான ஒரு கருவி, கொஞ்சம் இருட்டான அறை, ஓரிரு நிமிடம். இவ்வளவுதான் வேண்டும்.

திட்டம் இல்லாமல் இல்லை. 2013-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், ஆர்.பி.எஸ்.கே. என்று சுருக்கமாகச் சொல்வார்கள், பிறவிக் கண்புரையைத் தன் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. பிரசவம் நடக்கும் இடத்திலேயே குழந்தையைப் பரிசோதிக்க வேண்டும், நடமாடும் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கும் ஒரு முறை பள்ளிக்கும் வர வேண்டும், கண்டுபிடித்தால் சிகிச்சை இலவசம் என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அப்படியென்றால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் முதல் நாட்களில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் இருக்கும் கட்டடத்தில்தான் இருக்கிறது. அந்த நாட்களில் கண் பார்க்கப்படாவிட்டால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அங்கன்வாடிக்கு வரும் குழு அந்தக் காலக்கெடுவை மீட்டுத் தர முடியாது.

இங்கேதான் சாதி வருகிறது. இந்தியத் தலித் ஆய்வு நிறுவனமும் யுனிசெஃபும் 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. சங்கமித்ரா ஆச்சார்யா எழுதியது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் குழந்தைகளிடம் சுகாதாரப் பணியாளர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்த ஆய்வு அது. மருந்தைக் கையில் படாமல் கொடுப்பது, நோயைப் பார்க்கும்போது தொடாமல் இருப்பது, சீக்கிரம் பேசி அனுப்பிவிடுவது, வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நிற்பது. குழந்தைகள் இதையெல்லாம் சொன்னார்கள்.

இருமல் மருந்தைத் தொடாமல் கொடுத்துவிடலாம். புட்டியை எட்டி நின்று நீட்டலாம். பச்சைக் குழந்தையின் கண்ணை எட்டி நின்று பார்க்க முடியாது. தீண்டாமை என்பது அவமானம் மட்டுமே என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்கட்டும். தொட வேண்டிய கை பின்வாங்கும் இடத்தில் ஒரு குழந்தையின் பார்வை போகலாம்.

அது அங்கே வடக்கில், இங்கே அப்படி இல்லை என்று சொல்வார்கள். சரி, இங்கே எப்படி என்று பார்ப்போம். அங்கன்வாடி ஊர்த்தெருவில் இருக்கிறதா, காலனியில் இருக்கிறதா? இரண்டு இடத்திலும் இருந்தால் எந்த அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு போகிறது? கிராம சுகாதாரச் செவிலியர் காலனிக்குள் எந்த வீடு வரை வருகிறார்? தடுப்பூசி போடும் இடம் யார் வீட்டுத் திண்ணைக்கு அருகில்? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் ஊரில் என்ன பதில் என்று உங்களுக்கே தெரியும். நேர்மையாக, எல்லா வீட்டுக் குழந்தையையும் மடியில் போட்டுப் பார்க்கும் செவிலியர்கள் நிறைய இருக்கிறார்கள். அப்படி ஒருவர் வாய்ப்பது நம் குழந்தையின் அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது என்பதுதான் கோரிக்கை.

48 வருடம் தாமதமான ஊசி

காரணங்களுக்கு வருவோம். பிறவிக் கண்புரை சிலருக்குப் பரம்பரையாக வருகிறது. டவுன் சிண்ட்ரோம் போன்ற பிறவிக் குறைபாடுகளோடு சிலருக்கு வருகிறது. பாலில் உள்ள ஒரு சர்க்கரையை உடல் செரிக்க முடியாத நோயால் சிலருக்கு. வளர்ந்த குழந்தைகளுக்குக் குச்சி, முள், பட்டாசு போன்றவற்றால் அடிபட்டும் வருகிறது. பல குழந்தைகளுக்குக் காரணமே தெரிவதில்லை. ஆனால் முழுக்கத் தடுத்துவிடக்கூடிய ஒரு காரணம் உண்டு. அது ரூபெல்லா.

ரூபெல்லா ஒரு லேசான காய்ச்சல். உடம்பில் சிறு தடிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ஒரு பெண்ணுக்கு வந்தால் வயிற்றில் உள்ள குழந்தையின் கண், காது, இதயம் மூன்றையும் தாக்கும். இதை முதலில் கண்டுபிடித்தவர் சிட்னி நகரக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். 1941-ல். தன் மருத்துவமனைக்குப் புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்கள், கர்ப்பமாக இருந்தபோது இந்தக் காய்ச்சல் வந்ததைத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அதைக் காதுகொடுத்துக் கேட்டதால் அவருக்கு விஷயம் பிடிபட்டது. தாய் சொல்வதைக் கேட்டாலே மருத்துவம் பாதி நடந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

மதுரையில் கண்புரையோடு வந்த குழந்தைகளை ஆராய்ந்து 1996-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு வயதுக்குட்பட்டவர்களில் நாலில் ஒருவருக்கு ரூபெல்லாதான் காரணம் என்று சொன்னது. அப்போது தடுப்பூசி இல்லையா? இருந்தது. அமெரிக்காவில் 1969-லேயே வந்துவிட்டது. இந்தியாவில் அது பெரும்பாலும் தனியார் கிளினிக்கில், எம்.எம்.ஆர். ஊசி என்ற பெயரில், காசு கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. தேசிய அளவில் அரசு தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கத்தைத் தொடங்கியது 2017 பிப்ரவரியில்தான். முதல் கட்டத்தில் தமிழ்நாடும் இருந்தது. கணக்குப் போட்டால் 48 வருடம்.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. ஒரு சமூகத்தில் கொஞ்சம் பேர் மட்டும் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் நோய் ஒழியாது, பரவும் வேகம்தான் குறையும். அப்போது ஊசி போடாதவர்கள் சின்ன வயதில் வாங்க வேண்டிய நோயைத் தள்ளிப்போட்டு, பிள்ளை பெறும் வயதில் வாங்கும் ஆபத்து வருகிறது. கிரீஸ் நாட்டில் இப்படித்தான் நடந்தது. பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு இல்லை என்று வருடக்கணக்கில் விட்டதன் விளைவாக 1993-ல் அங்கே பாதிக்கப்பட்ட குழந்தைகள் கூட்டமாகப் பிறந்தார்கள். காசுள்ளவர் தன் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்ள, ஆபத்து காசில்லாதவளின் வயிற்றுக்குத் தள்ளப்படுகிறது. பொதுச் சுகாதாரத்தை ஏன் சந்தையிடம் விடக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

2017-ல் இந்த ஊசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவின. இனியும் பரவும். நம் பிள்ளைகளைக் குறிவைத்துப் போடும் ஊசி என்றுகூட அவை வரும். அரசின் மேல் நமக்குச் சந்தேகம் இருப்பதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. ஆனால் ஊசி வருவதற்கு எதிராக அல்ல, இத்தனை வருடம் வராமல் இருந்ததற்கு எதிராகத்தான் நாம் கோபப்பட வேண்டும்.

யார் செய்த பாவம்?

குழந்தைக்குக் கண்ணில் வெள்ளை தெரிந்ததும் முதல் பழி தாய் மேல் விழும். கர்ப்பமாக இருக்கும்போது அவள் எதைப் பார்த்தாள், எங்கே போனாள், எதைத் தின்றாள் என்று விசாரணை நடக்கும். அடுத்தது போன பிறவி. எந்த ஜென்மத்துப் பாவமோ என்பார்கள். தாய்ப்பாலைக் கண்ணில் விடு, இலைச்சாறு பிழி, மந்திரி என்று வாரங்கள் கழியும். அந்த வாரங்கள்தான் 6, 8, 10 என்று நாம் மேலே எண்ணிய வாரங்கள்.

போன பிறவிப் பாவம் என்ற இந்த வாதத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? நாம் ஏன் சேரியில் பிறந்தோம் என்பதற்கும் இதே விளக்கம்தான் சொன்னார்கள். பாபாசாகேப் அம்பேத்கர் பௌத்தத்தை எழுதும்போது, முற்பிறவி வினை இப்பிறவியைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தைத் தூக்கி வெளியே வைத்தது சும்மா இல்லை. அந்தக் கருத்து இருக்கும்வரை ஏழையின் வறுமைக்கும் குழந்தையின் நோய்க்கும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தன் கூட்டத்தில் கர்மத்தை மறுத்துப் பேசிவிட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையின் கண்ணுக்கு மட்டும் விதி என்று சொல்லும் தோழர் யாரும் நம்மில் இருக்கக் கூடாது.

ஆபரேஷன் இலவசம், கூலி யார் தருவது?

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது, அறுவையும் முடிந்துவிட்டது. பெரியவருக்கு அதோடு முடியும். குழந்தைக்கு அங்கேதான் தொடங்குகிறது. லென்ஸ் எடுத்த கண்ணுக்குத் தடித்த கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ வேண்டும். கண் வளர வளர பவர் மாறும், கண்ணாடியும் மாற்ற வேண்டும். மிகச் சின்னக் குழந்தைக்கு உள்ளே லென்ஸ் வைக்காமல் விடுவது பல நேரம் சரியான முடிவுதான். ஏழை என்பதால் வைக்காமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று பெற்றோர் நினைக்கக் கூடும். அதை விளக்கிச் சொல்வது டாக்டரின் கடமை. ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்த குழந்தைக்கு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்துப் பலவீனமான கண்ணைப் பழக்க வேண்டும். குழந்தை அழும், பிய்த்து எறியும். வருடக்கணக்கில் செய்ய வேண்டும். கண் அழுத்த நோய் வருகிறதா என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது இதை ஒரு கூலிக் குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பஸ். ஒரு நாள் கூலி போகும், கூட வருபவர் கூலியும் போகும். நூறு நாள் வேலையில் அன்றைக்கு வருகை இல்லை. செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ ஊர் விட்டுப் போயிருந்தால் அடுத்த தேதியே இல்லை. பிறகு மருத்துவமனைப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கும்: தொடர் சிகிச்சைக்கு வரவில்லை. விழிப்புணர்வு இல்லாத மக்கள் என்று ஒரு கருத்தரங்கில் பேசுவார்கள்.

1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே அந்தச் செலவில் பெரும் பங்கை அரசே ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகப்போகிறது. அதே வாதத்தை இங்கே நீட்ட வேண்டும். குழந்தையின் கண்ணைக் காப்பது நாட்டின் நலன் என்றால், அந்தக் கண்ணுக்காகத் தாய் இழக்கும் கூலியும் பஸ் கட்டணமும் சிகிச்சையின் பகுதியே. அறுவை மட்டும் இலவசம் என்பது பாதித் திட்டம்.

வயது கடந்துவிட்டது என்று கைவிடாதீர்கள்

நாள் தவறிப்போன குழந்தைகளின் கதி என்ன? இதற்கும் விடை இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றும் பவன் சின்ஹா, வட இந்தியக் கிராமங்களில் புரையோடு பிறந்து எட்டு, பத்து, பதினைந்து வயதுவரை அறுவை கிடைக்காத பிள்ளைகளைத் தேடிச் சிகிச்சை பெற வைத்தார். புராஜெக்ட் பிரகாஷ் என்று பெயர். கையால் தொட்டு அறிந்த பொருளை அறுவை முடிந்ததும் கண்ணால் பார்த்து அவர்களால் உடனே அடையாளம் சொல்ல முடியவில்லை. ஆனால் சில நாட்களிலேயே கற்றுக்கொண்டார்கள். முழுப் பார்வை வரவில்லை என்றாலும் நடமாடவும் பொருட்களை, முகங்களை அறியவும் உதவும் பார்வை பலருக்கு வந்தது. ஆகவே சீக்கிரம் பார்ப்பதுதான் சிறந்தது, ஆனால் தாமதமானவர்களைத் திருப்பி அனுப்ப எவருக்கும் உரிமை இல்லை.

பார்வை வராமலே போனவர்களும் நம் தோழர்கள்தான். தடுக்கக்கூடிய பார்வையிழப்பைத் தடுக்க வேண்டும் என்பதற்குப் பார்வையற்ற வாழ்க்கை குறைந்த வாழ்க்கை என்று பொருள் இல்லை. பிரெயில், பள்ளி, வேலை, 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் இட ஒதுக்கீடு எல்லாம் அவர்கள் உரிமை. சாதியும் மாற்றுத்திறனும் பாலினமும் ஒரே உடம்பில் சேரும்போது ஒடுக்குமுறை எப்படிக் கூடுகிறது என்பதை, பிறவியிலேயே பார்வையற்ற ஒரு தலித் பெண்ணின் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றமே விரிவாகப் பேசியது. நம் இயக்க மேடைகளில் அவர்களுக்கு எத்தனை நாற்காலி இருக்கிறது என்றும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

இரவுப் பாடசாலை, படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு இதில் நேரடி வேலை இருக்கிறது.

முதலாவது, அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். கண்மணியில் வெள்ளை, போட்டோவில் ஒரு கண் மட்டும் வெளுத்துத் தெரிவது, மூன்று மாதமாகியும் தாயின் முகத்தைப் பார்க்காத குழந்தை, கண் ஆடிக்கொண்டே இருப்பது, மாறுகண், வெயிலைக் கண்டால் கண்ணைச் சுருக்குவது. இவற்றில் எதைக் கண்டாலும் அந்த வாரமே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். கண்மணியில் வெள்ளை தெரிவது கண்ணுக்குள் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். அது உயிரையே எடுக்கும். காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

இரண்டாவது, ஒன்றரை மாத ஊசி. எல்லாக் குழந்தைக்கும் 6-வது வாரத்தில் தடுப்பூசி போடுகிறார்கள். அறுவைக்கான காலமும் அதையொட்டியே இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு முறை, 6-வது வார ஊசியின்போது ஒரு முறை, கண்ணில் ஒளி அடித்துப் பார்த்துத் தாயின் கையில் உள்ள அட்டையில் எழுதித் தர வேண்டும். இதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கோரிக்கையாக வையுங்கள். கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். உங்கள் மாவட்டத்தில் கடந்த மூன்று வருடத்தில் எத்தனை குழந்தைகளுக்குப் பிறவிக் கண்புரை கண்டறியப்பட்டது, எந்த வயதில், எத்தனை பேருக்கு அறுவை நடந்தது, அதில் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகள் எத்தனை பேர், மருத்துவக் குழு எந்தெந்த அங்கன்வாடிக்கு எந்தத் தேதியில் போனது என்று கேளுங்கள். சாதிவாரிக் கணக்கு இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலும் ஓர் ஆவணம்தான்.

நான்காவது, திருமணமாகப்போகும், பிள்ளை பெறத் திட்டமிடும் பெண்களிடம் ரூபெல்லா பற்றிச் சொல்லுங்கள். 2017-ல் 15 வயதைத் தாண்டியிருந்தவர்களுக்கு அந்த இயக்கத்தில் ஊசி கிடைக்கவில்லை. கர்ப்பத்தின்போது இந்த ஊசி போடக் கூடாது. அதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கடைசியாக, கண்ணாடி போட்ட குழந்தையைச் சோடாபுட்டி என்று கூப்பிடும் பள்ளிக்கூடத்தில் நம் ஆசிரியத் தோழர்கள் முதல் வரிசையில் அந்தக் குழந்தைக்கு இடம் போட்டுக் கொடுக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டால் அறுவை செய்ததே வீண்.

கற்பி, ஒன்றுசேர், போராடு என்கிறோம். கற்பதற்குக் கண்ணும் வேண்டும் என்று ஒரு குழந்தை கேட்டால், அதைத் தர இந்த அரசுக்குக் கடமை இருக்கிறது. கேட்க முடியாத அந்தக் குழந்தைக்காக, அதன் பத்தாவது வாரம் முடிவதற்குள், கேட்க வேண்டியவர்கள் நாம்.

ஜெய் பீம்.